பழைய பவர் சப்ளையில் 13.8 வோல்ற் எடுக்கப் போறவர்களுக்கு

2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில், வீட்டில் கிடக்கும் கம்பியூட்டர் பவர் சப்ளையை வைத்துப் பற்றறி சார்ஜ் பண்ணலாமா என்று கேட்டுப் பலர் வரத் தொடங்கினார்கள். மின்வெட்டு போனது, கேள்வி போகவில்லை. பற்றறிக்கும், கார் செற்றை வீட்டில் பாட விடுவதற்கும், படகுகளின் வீஎச்எஃப் றேடியோ செற்களைத் திருத்திப் பார்ப்பதற்கும் 12 வோல்ற் போதாது, 13.8 வேண்டும். இவ்வளவு அம்பியர் தரக்கூடிய மலிவான பெட்டி வேறு கிடையாது என்பதால் இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் கல்லடியிலிருந்து கல்முனை வரை பொடியன்கள் கொண்டுவந்து காட்டும் பெட்டிகளைத் திறந்தால், நாங்கள் பழகிய காலத்தில் விட்ட அதே பிழைகள்தான் கிடக்கின்றன.

பிளக்கைக் கழற்று, ஈரக் கையால் தொடாதே என்பவற்றை விடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்: 230 வோல்ற்றை டீசி ஆக்கினால் 325 வரும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது பெரிய கப்பாசிற்றர்களில் நிற்கும். மீற்றர் வைத்து அளந்து, இறங்கிவிட்டது என்று கண்ட பிறகே கை வையுங்கள்.

எந்த ஐசி என்று பார்க்காமல் தொடங்குவது

சப்ளையின் துடிப்பை ஆளும் ஐசியைப் பாருங்கள்: டீஎல்494 அல்லது கேஏ7500, 16 கால். இவை இருந்தால் வேலை செய்யலாம். 20 கால் எஸ்ஜி6105 என்றால் காவலும், அதாவது வோல்ற் கூடினால் சப்ளையை நிறுத்தும் பகுதியும், அதற்குள்ளேயே இருக்கும். முதல் தடவை செய்பவர் வேறு பெட்டி தேடுவது நல்லது.

4ஆம் காலைக் கிரவுண்ட் பண்ணுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

நடப்பது இப்படி. வோல்ற்றை மெல்ல ஏற்றிக்கொண்டு போகிறார்கள். 13.5 தாண்டும்போது சப்ளை திடீரென்று நின்றுவிடும். “அண்ணன், ஓன் பண்ணின உடனே நிண்டு போகுது” என்று போன் வரும். பிறகு யாரோ ஒருவர், ஐசியின் 4ஆம் காலைக் கிரவுண்டோடு ஒட்டிவிட்டால் சரி என்று சொல்லிக் கொடுப்பார். ஒட்டினால் உண்மையிலேயே ஓடும். அதுதான் பிரச்சினை.

ஏன் நின்றது? பெட்டியிலிருந்து வரும் 12 வோல்ற் லைனுக்கும் 5 வோல்ற் லைனுக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றுதான். 12ஐ 13.8 ஆக்கினால் 5உம் அதே விகிதத்தில் ஏறி 5.75 ஆகும். கம்பியூட்டர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 5 வோல்ற் லைனின் காவல் 5.74க்கும் 7க்கும் இடையில் எங்காவது விழ வேண்டும். 12 லைனுக்கு அந்த எல்லை 13.4 முதல் 15.6 வரை. ஆகவே சப்ளை பழுதில்லை. காவல் தன் கடமையைச் செய்திருக்கிறது.

காவல் விழும்போது 4ஆம் காலில் 3 வோல்ற் அளவு ஏறும், ஐசி துடிப்பை நிறுத்திவிடும். அந்தக் காலைக் கிரவுண்டில் கட்டிவிட்டால் கூடிய வோல்ற்றுக்கான காவல் போகும். சோட் ஆனால் நிறுத்தும் காவலும் பெரும்பாலான போர்ட்களில் அதே வழியாகத்தான் வருகிறது, அதுவும் போகும். மூன்றாவதாக, மெதுவாகத் தொடங்கும் வசதியும் போகும். 4ஆம் காலில் உள்ள சின்னக் கப்பாசிற்றர்தான் ஓன் பண்ணும்போது வோல்ற்றைப் படிப்படியாக ஏற்றுகிறது. அது இல்லாவிட்டால் வெறுமையாக இருக்கும் கப்பாசிற்றர்களை நிரப்பும் முழு இழுவையும் முதல் நொடியிலேயே ட்ரான்சிஸ்டர்கள்மேல் விழும். ஒரு துளி ஈயத்தால் மூன்றையும் கொன்றுவிடுகிறார்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த பெட்டியைச் சொல்கிறேன். துறைமுகத்துப் படகு ஒன்றின் வீஎச்எஃப் செற்றைத் திருத்தி, சோதிக்க அந்தச் சப்ளையில் போட்டிருக்கிறார். “காலையில 13.8 தான் காட்டினது அண்ணன், பின்னேரம் செற் புகைஞ்சிட்டு.” திறந்து பார்த்தேன். 4ஆம் காலில் ஈயம். அதோடு வோல்ற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு மலிவான கரிப் பிரிசெட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் றெசிஸ்டர்), மூடியில்லாதது. அதன் நகரும் தகட்டில் பச்சை பூத்திருந்தது. நுனியால் லேசாகத் தட்டினேன், மீற்றரில் ஓம் தாவியது, பிறகு ஒன்றுமே காட்டவில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. நமது உப்புக் காற்றுக்கு இந்தத் தகடு ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிது. தகடு விட்டது, ஐசிக்கு வோல்ற் தெரியாமல் போனது, அது முழு வேகத்தில் துடித்தது. அப்போது 12 லைன் 20ஐயும் தாண்டிப் போகும். காவல் இருந்திருந்தால் 15 பக்கத்தில் விழுந்திருக்கும். செற் அந்தத் தம்பியுடையதல்ல. படகுக்காரருக்கு அவர் புதிதாக வாங்கிக் கொடுக்க வேண்டி வந்தது.

காவலை எடுக்காதீர்கள், எல்லையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். 5 வோல்ற் லைனிலிருந்து காவல் பகுதிக்குப் போகும் றெசிஸ்டரைத் தேடிப் பிடியுங்கள். அதன் பெறுமானத்தைச் சிறிது கூட்டி, 5 லைன் 6.3 ஆகும்போது விழும்படி வையுங்கள். அப்போது 12 லைன் 15 பக்கத்தில் நிற்கும். தேட ஒரு பின்னேரம் போகலாம். போகட்டும்.

பிரிசெட்டை மேல் பக்கம் போடுவது

அந்தத் தம்பியின் இரண்டாவது பிழை இது. ஐசியின் 1ஆம் கால்தான் வோல்ற்றைப் பார்க்கும் கண். 5 லைனிலிருந்து அங்கே வரும் றெசிஸ்டரைக் கழற்றிவிட்டு 12ஐ மட்டும் பார்க்க விட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். 12க்கும் 1ஆம் காலுக்கும் நடுவில் பிரிசெட்டைப் போட்டால், தகடு விடும் நாளில் வோல்ற் உச்சிக்குப் போகும். 1ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போட்டால் வோல்ற் இறங்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

1ஆம் காலை ஐசி 2ஆம் காலோடுதான் ஒப்பிடும். 2ஆம் காலில் 2.5 வோல்ற் உள்ள போர்ட் என்றால் நான் போடும் கணக்கு: மேலே 27 கிலோ ஓம், கீழே 5.6 கிலோ ஓமும் 2 கிலோ ஓம் பிரிசெட்டும் தொடராக. பிரிசெட்டின் நடுக்காலை ஒரு ஓரக் காலோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். 11.4இலிருந்து 14.5 வரை கிடைக்கும். தகடு விட்டால் 11.4க்கு இறங்கி நிற்கும், ஒன்றும் எரியாது. மூடிய, பல சுற்றுப் பிரிசெட்டே வாங்குங்கள்.

காவல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க: வெளியே எதையும் கொழுவாமல் வோல்ற் உச்சத்தில் வரும்படி பிரிசெட்டை வைத்து, தொடராக உள்ள கீழ் றெசிஸ்டர், பிரிசெட் இரண்டுக்கும் சேர்த்து, 1ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே ஒரு 47 கிலோ ஓமை ஒரு கணம் தொடுங்கள். வோல்ற் 16 நோக்கி ஓடும், அங்கே சேருமுன் சப்ளை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.

16 வோல்ற் கப்பாசிற்றரை அப்படியே விடுவது

12 லைனில் 25 வோல்ற் தாங்கும் கப்பாசிற்றரை மாற்றிப் போடுங்கள். மேலே சொன்ன சோதனைக்கு முன்பே.

லோட் இல்லாமல் வோல்ற்றைச் சரிபார்ப்பது

வெறும் பெட்டியில் காட்டும் 13.8, லோட் வந்ததும் 13.8 அல்ல. 5 லைனில் 10 ஓம், 10 வோட் றெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக விட்டு, 12இல் ஒரு கார் பல்பைக் கொழுவி அளவுங்கள்.

எர்த் வயரை வெட்டுவது

24 வோல்ற் வேண்டும் என்று இரண்டு சப்ளையைத் தொடராகக் கட்டுகிறார்கள். இரண்டின் நெகட்டிவும் பெட்டித் தகரத்தின் வழியாக எர்த்தோடு தொடுத்திருப்பதால் அது சோட் ஆகும். உடனே எர்த்தை வெட்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் வடிகட்டிக் கப்பாசிற்றர்கள் காரணமாக எர்த் இல்லாத தகரத்தில் 115 வோல்ற் அளவு நிற்கும். கை வைத்தால் சுள்ளென்று இருக்கும். அந்தக் கப்பாசிற்றர்களில் லைவ் பக்கத்தில் உள்ளது சோட் ஆகும் நாளில் தகரத்துக்கு முழு 230உம் வரும். 24 வேண்டும் என்றால் 24 வோல்ற் சப்ளையே வாங்குங்கள்.

பற்றறியை நேராகக் கொழுவுவது

இறங்கிப்போன பற்றறி அளவில்லாமல் இழுக்கும். ஃபியூஸ் இல்லாமல் கொழுவாதீர்கள். மாறிக் கொழுவினால் டயோட்கள் அந்த இடத்திலேயே போய்விடும். கரண்ட் போகும்போது இன்னொன்றும் நடக்கும்: பற்றறி திரும்பிச் சப்ளைக்குள் பாய்ந்து காற்றாடியைச் சுற்றவிட்டே இறங்கிவிடும். அதனால் வெளியே போகும் பொசிட்டிவில், ஒரு பக்கம் மட்டும் பாய விடும் பெரிய ஸ்கொட்கி டயோட் ஒன்றைப் போடுங்கள். டயோட் அரை வோல்ற் அளவு தின்னும் என்பதால் 13.8ஐ டயோட்டுக்குப் பிறகு அளந்து செற் பண்ணுங்கள். இது ஈயப் பற்றறிக்கு மட்டும். லித்தியத்தை இதில் கொழுவ வேண்டாம்.