கொரிய விருந்தினர் வந்தால்: உணவகப் பணியாளர்களுக்கு

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உணவகம் நடத்துகிறீர்களா? பணியாளர்களை முதலில் விலையை விளக்கப் பழக்குங்கள். கொரியாவில் பட்டியலில் உள்ள விலையிலேயே வரி அடங்கிவிடும், டிப்ஸ் வழக்கமில்லை. தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களும் பெரும்பாலும் இலவசம், கேட்டால் மீண்டும் வரும். இங்கோ பல உணவகங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி, சில இடங்களில் ஈரத்தாளுக்கும் காசு. பில்லைப் பார்த்து அவர்கள் திகைக்கக் கூடாது. ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அதுதான் நேர்மை. கொரிய மொழியில் ஒரு சிறு அட்டை மேசையில் இருந்தால் இன்னும் நல்லது.

மூத்தவருக்கு முதலில் பரிமாறுங்கள் (நம் வீட்டு வழக்கமும் அதுதானே!). கார்டையும் ரசீதையும் இரு கைகளாலும் கொடுத்து வாங்குங்கள். கடை திறக்குமுன் பத்து நிமிடம், ஒருவர் விருந்தினராகவும் மற்றவர் பணியாளராகவும் நடித்துப் பழகினால் கைக்கு வந்துவிடும்.