புது ஆங்கிலச் சொல்லை அவிழ்ப்பது எப்படி?

கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. "பான்ட்வித் இருக்கா?" என்று மேலாளர் கேட்டார். நான் எழும்பிப் போய் ரவுட்டரைப் பார்த்துவிட்டு, "இருக்கு சேர், நல்லா வேலை செய்யுது" என்றேன். அவர் கேட்டது இன்னொரு வேலையை எடுக்க எனக்கு நேரம் இருக்கா என்று! அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கினேன்.

படி 1: சொல்லைத் தனியே எழுதாமல் வசனத்தோடு எழுதுங்கள். யார் யாரிடம் சொன்னார் என்பதும் வேண்டும். 100ஆம் நம்பர் பஸ்ஸில் காதில் விழுந்ததென்றாலும் சரிதான்.

படி 2: உடைத்துப் பாருங்கள். வெள்ளவத்தையில் டியூஷனுக்குப் போகும் தங்கச்சி மகள் அடிக்கடி சொல்லும் "ரிஸ்", 'கரிஸ்மா'வின் தலையையும் வாலையும் நறுக்கியபின் மிஞ்சிய நடுத்துண்டு. ஆளைக் கவரும் வசியம் என்று பொருள். 2023ஆம் ஆண்டின் சொல்லாக ஒக்ஸ்போர்ட் தெரிவுசெய்தது இதைத்தான். அடுத்த வருடம் தெரிவான "பிரெய்ன் ரொட்" மூளை, அழுகல் என்ற இரண்டு பழைய சொற்களின் கூட்டு. புதுசு போலத் தெரிந்தாலும் 1854இலேயே அச்சேறிவிட்டது.

படி 3: பிறந்த வீட்டைத் தேடுங்கள். எனக்குப் பிடித்த படி இது. அலுவலகச் சொற்களில் பல வேறு தொழில்களிலிருந்து வந்து குடியேறியவை. ஒரு சின்ன மெசேஜ் போடச் சொல்லி "பிங் பண்ணுங்கோ" என்கிறோமே, 'பிங்' என்பது நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஓசை. 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்க ஒரு சிறு புரோகிராம் எழுதி, அந்த ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். இப்போது மனிதர்களுக்கும் 'பிங்' போகிறது. என்னை ஏமாற்றிய பான்ட்வித்தும் அப்படித்தான்: முதலில் வானொலி அலைவரிசையின் அகலம், பிறகு இணையம் தாங்கும் அளவு, கடைசியில் மனிதர் தாங்கும் அளவு. இந்த வழி தெரிந்தால் பொருளைப் பாடமாக்கத் தேவையில்லை.

படி 4: அகராதி. 1999இல் தொடங்கிய அர்பன் டிக்ஷனரியில் யாரும் எழுதலாம், பகிடிக்கு எழுதுபவர்களும் உண்டு. மோப்பம் பிடிக்க மட்டும் அது உதவும். ஒக்ஸ்போர்ட் அகராதியோ நீண்ட காலப் பாவனைக்குச் சான்று கேட்கும். எங்கள் "ஐயோ"வே 2016இல்தான் அதற்குள் போனது.

படி 5: உடனே வாயில் எடுக்காதீர்கள். தொழிற்சொல்லை அலுவலகத்தில் தாராளமாகச் சொல்லலாம்; இளசுகளின் சொல்லைக் கேட்டு விளங்கிக்கொண்டால் போதும். போன மாதம் தங்கச்சி மகளிடம், "உனக்கு நல்ல ரிஸ்" என்றேன்.

"ஐயோ, பெரியம்மா!"