நாய் திடீரெனத் தள்ளாடினால் முதல் நாளில் செய்யக்கூடாதவை

போன மாதம் ஒருநாள் இரவு 10 மணிக்கு உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி போன் எடுத்தான். அம்மம்மா வளர்த்த கிழட்டு நாயைப் பொறுப்பெடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அண்ணா, நாய் எழும்ப எழும்ப விழுகுது. வாதம் அடிச்சிட்டுது. நாளைக்கு ஊசி போட்டுச் சாகவிடுவம் எண்டு வீட்டில சொல்லினம்." 18 வருடத்துக்கு முன்னர் இதே வார்த்தைகளை நானும் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உண்ணி பார்க்கவேண்டும், தடுப்பூசி போடவேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே முடிவு கட்டுவது

எங்கள் ஜிம்மிக்கு அப்போது 13 வயது. காலையில் விறாந்தையில் படுத்திருந்தவன் எழும்பப் பார்த்தான். இடப்பக்கமாகச் சரிந்து ஒருமுறை உருண்டே போனான். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கண்மணி இரண்டும் ஒரு பக்கம் மெதுவாக நகர்ந்து, வெடுக்கென்று மறுபக்கம் திரும்பின. நிற்காமல் அப்படியே ஆடின. வாந்தி, வாயால் எச்சில். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: வாதம், கிடந்து உத்தரிக்க விடாதேங்கோ. பின்னேரமே ஊசி போட்டோம். வேப்பமரத்தடியில் தாட்டோம்.

நாலு வருடம் கழித்து ரோசிக்கும் அதே மாதிரி வந்தது. அன்று போயா (பௌர்ணமி) விடுமுறை, அதோடு சேர்ந்து சனி, ஞாயிறு. வைத்தியர் யாரும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் கண்ணின் ஆட்டம் குறைந்தது. மூன்றாம் நாள் படுத்தபடியே மீன் அவித்த தண்ணியை நக்கினாள். ஐந்தாம் நாள் சுவரில் சாய்ந்து எழும்பினாள். மூன்று கிழமையில் கேற்றடிக்கு ஓடினாள். தலை மட்டும் கொஞ்சம் சரிந்தே இருந்தது. அதற்குப் பிறகு 14 மாதம் இருந்தாள். வேப்பமரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஜிம்மிக்கு நான் அந்த மூன்று நாளைக் கொடுக்கவில்லையே என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நடப்பது இதுதான். உடம்பின் சமநிலையைப் பார்க்கும் உறுப்பு உட்காதில் இருக்கிறது. வயதான நாய்களில் ஒரு பக்கத்து உறுப்போ அதன் நரம்போ காரணம் தெரியாமலே திடீரென வேலைநிறுத்தம் செய்துவிடும். மற்றப் பக்கத்துச் செய்தி மட்டும் மூளைக்குப் போவதால், படுத்திருக்கும் நாய்க்கும் உலகம் சுற்றுகிறது. பெரும்பாலும் 72 மணித்தியாலத்துக்குள் குறையத் தொடங்கும். 2, 3 கிழமையில் நடை திரும்பும். காதுக்குள் கிருமி தொற்றினாலும் இப்படி வரும், அதற்கு மருந்து இருக்கிறது. உண்மையிலேயே மூளையில் இரத்தம் அடைத்திருந்தாலும் நிறைய நாய்கள் நாளாக நாளாகத் தேறிவிடுகின்றன.

"உத்தரிக்குது" என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பாலங்கள் வருவதற்கு முன்னர் காற்றுக் காலத்தில் திருகோணமலையில் இருந்து மூதூருக்குக் கடலில் லாஞ்சியில் போனவர்களைக் கேளுங்கள். தலை சுற்றும், குடலே வெளியே வருவதுபோல் இருக்கும், கரையேறினால் சரியாகிவிடும். நாய்க்கும் அந்தக் குமட்டல்தான். வாந்தியை நிறுத்த நல்ல மருந்து இருக்கிறது. வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.

வைத்தியரிடம் அன்றைக்கே காட்டத்தான் வேண்டும். போவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது அசைகிறதா? கண் பக்கவாட்டில் ஆடுகிறதா, மேலும் கீழுமாக ஆடுகிறதா? நாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பாதத்தை மெதுவாக மடக்கி, மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் உடனே திருப்பி வைக்கும். கண் மேல்கீழாக ஆடினாலோ, மடக்கிய பாதம் அப்படியே கிடந்தாலோ, நாய் மந்தமாகிக்கொண்டே போனாலோ கோளாறு மூளையில் இருக்கலாம். அப்போது பேராதனை மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலைவரை கொண்டுபோவதா என்று உங்கள் வைத்தியரிடம் கதையுங்கள். அப்படி இல்லை, மூச்சுத் திணறலோ வலிப்போ இல்லை என்றால், நாலாம் நாள்வரை ஊசிப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

வாயைத் திறந்து தண்ணீர் பருக்குவது

தலை நேராக நிற்காத நாய்க்கு ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். பிழைக்கவேண்டிய நாய் சளிக்காய்ச்சலில் செத்துப்போகும். நெஞ்சில் படுக்க வைத்து, தட்டையான கோப்பையை வாய்க்குக் கிட்டப் பிடியுங்கள், தானாக நக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. விசர் நோயிலும் (ரேபிஸ்) நடை தள்ளாடும், எச்சில் வடியும், கீழ்த்தாடை தொங்கும். தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாயின் வாய்க்குள் கை வைக்காதீர்கள். கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அன்றைக்கே.

காதுக்குள் எண்ணெய் விடுவது

வேண்டாம். பழைய காதுமருந்துப் போத்தலும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டமைசின் போன்ற மருந்தே உட்காதைக் கெடுத்துவிடும்.

எல்லாத் தள்ளாட்டத்தையும் ஒன்றாக எடுப்பது

இரவு வளவில் படுத்த நாய் விடியற்காலையில் பின்னங்கால் இழுக்கிறது, கண்ணிமை தொங்குகிறது, குரைக்கும் சத்தம் மாறிவிட்டது என்றால் கட்டுவிரியனை நினையுங்கள். கடித்த இடம் வீங்காது, பல் தடமும் தெரியாமல் இருக்கலாம். கண்ணும் ஆடாது. இதில் மூன்று நாள் அல்ல, மூன்று மணித்தியாலம்கூடப் பார்த்திருக்க முடியாது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானம் தள்ளாடி, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு இளைத்தால் வெப்பம் ஏறிவிட்டது. அங்கேயே தண்ணீரை ஊற்றி, விசிறியைப் போட்டு, பிறகு ஆட்டோவில் ஏற்றுங்கள்.

பூனை நடுங்கித் தள்ளாடினால், நாய்க்கு வாங்கிய உண்ணிமருந்தை யாராவது அதன் கழுத்தில் தடவினார்களா என்று வீட்டில் கேளுங்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு. வயிற்றோட்டத்துக்கு மெட்ரோனிடசோல் கூடிய அளவில், நாட்கணக்காகக் கொடுத்த நாயும் இப்படித் தடுமாறும். ஆகவே கடைசியாகக் கொடுத்த குளிசைகளின் பெட்டிகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

தூக்கிக்கொண்டு திரிவது

பாசத்தில்தான் செய்கிறோம். ஆனால் காலுக்கடியில் தரை இல்லாமல்போனால் சுற்றல் கூடும். மாபிள் தரையில் சாக்கை விரியுங்கள். படுக்கையைச் சுற்றி போர்வையைச் சுருட்டி அணை கட்டுங்கள். கிணற்றடிக்கும் படிக்கட்டுக்கும் வழியை அடையுங்கள். இரவில் ஒரு லைட் எரியட்டும். காது கைவிட்ட நேரத்தில் நாய் கண்ணை வைத்துத்தான் நேராக நிற்கிறது.

வீடியோ எடுக்காமல் போவது

வைத்தியரிடம் போய்ச் சேர்வதற்குள் கண்ணாட்டம் குறைந்துவிடலாம். முகத்துக்குக் கிட்ட 30 செக்கன் எடுத்தால் போதும்.

உப்புவெளித் தம்பியிடமும் அன்றிரவு முதலில் அதைத்தான் கேட்டேன். அனுப்பினான். கண் பக்கவாட்டில் ஆடியது. மடக்கிய பாதத்தை நாய் சட்டென்று திருப்பி வைத்தது. சாக்கை விரிக்கச் சொன்னேன். அடுத்தநாள் காலையில் வைத்தியரிடம் காட்டி வாந்திக்கு மருந்து எடுத்தான். ஆறாம் நாள் அவன் அனுப்பிய வீடியோவில், நாய் தலையைச் சரித்தபடி மதிலில் தோளைச் சாய்த்து, காலைத் தூக்கி மூத்திரம் பெய்துகொண்டிருந்தது.