காரின் பெயின்ட்டைக் கல் தெறிப்பிலிருந்து காக்கும் ஃபிலிம்: வீட்டிலேயே ஒட்டுவது எப்படி?

தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு வாரம் இரண்டு முறையாவது கார் ஓட்டிப் போகிறேன். கிருஷ்ணகிரியை நெருங்கினாலே ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள்தான் முன்னால். பல லாரிகளில் தார்ப்பாய் சரியாகக் கட்டியிருக்காது. திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பானெட்டின் முன் விளிம்பில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. பெயின்ட் போய், தகடு தெரியும். கவனிக்காமல் விட்டால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதைச் சுற்றிப் பழுப்பு வளையம் வந்துவிடும்.

இதைத் தடுக்கும் வழி பெயின்ட்டின் மேல் ஒட்டும் நிறமற்ற ஃபிலிம். கடைகளில் பிபிஎஃப் (பெயின்ட் புரொடெக்ஷன் ஃபிலிம்) என்று கேட்டால் போதும். முழுக் காருக்கும் ஒட்டுவது தேர்ந்த கைகளின் வேலை, செலவும் அதிகம். ஆனால் கல் காரின் எல்லா இடத்திலும் படுவதில்லை. அது படுகிற சில இடங்களுக்கு மட்டும், நீங்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒட்டிவிட முடியும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

இது எப்படிக் காக்கிறது?

தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் பிரைமர், நிறம், மேலே பளபளக்கும் கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தும் பெயின்ட்டின் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். நம் தலைமுடி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம். அது கெட்டியானது, ஆனால் வளைந்து கொடுக்காது. கல் பட்டதும் சில்லுச் சில்லாக உதிர்ந்துவிடுகிறது.

நல்ல ஃபிலிம் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. 150 முதல் 200 மைக்ரான் கனம், ரப்பர் போன்ற குணம். கல் மோதும்போது அது அமுங்கி, அடியின் வேகத்தைச் சுற்றிலும் பரப்பிவிட்டு, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க அமெரிக்கப் படை இந்த வகை ஃபிலிமைப் பயன்படுத்தியது. கார்களுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

செராமிக் கோட்டிங் அடித்தால் கல் தெறிப்பும் நின்றுவிடும் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். நம்பாதீர்கள். அந்தப் பூச்சு சில மைக்ரான் கனம் மட்டுமே. தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடும், கழுவுவது எளிதாகும், பளபளப்பு நிற்கும். பறந்து வரும் ஜல்லியை அது தடுக்காது.

எங்கே ஒட்டுவது?

டார்ச் அடித்து உங்கள் காரை ஒரு சுற்றுப் பாருங்கள். கல் எங்கே விழுகிறது என்பதை ஏற்கெனவே உள்ள புள்ளிகளே சொல்லிவிடும். பானெட்டின் முன் விளிம்பு, பம்பர், பக்கக் கண்ணாடிகளின் முன்முகம், கூரையின் முன் விளிம்பு, பின் சக்கரத்துக்கு முன்னால் கதவின் அடிப்பகுதி. கடைசியாகச் சொன்ன இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. உங்கள் காரின் முன் சக்கரம் வாரி இறைக்கும் கல் போய் விழுவது அங்கேதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக். பெயின்ட் போனால் அசிங்கமாக இருக்குமே தவிர, துருப்பிடிக்காது. பானெட் பெரும்பாலான கார்களில் இரும்புத் தகடு, அது துருப்பிடிக்கும். பம்பரில் வளைவும் அதிகம், புதியவர் கைக்கு அடங்காது. ஆகவே என் வரிசை இது: பழகுவதற்குக் கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் நகம் கீறும் குழி, அடுத்து பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதி, மூன்றாவதாக பானெட்டின் முன் விளிம்பு. பம்பரைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பார்க்கிங் சென்சார், கேமரா இவற்றின் மேல் ஒட்டக் கூடாது. பெயின்ட் அடிக்காத சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் ஃபிலிம் பிடிக்காது.

வாங்க வேண்டியவை

ஃபிலிமில்தான் ஏமாற்றுவார்கள். பாலியூரித்தேன் என்று சொல்லி விலை குறைந்த பிவிசி ஃபிலிமைத் தலையில் கட்டிவிடுவார்கள். நம் வெயிலில் அது மஞ்சளாகி, பின்பு விறைத்து நொறுங்கும், உரிப்பதும் பெரும்பாடு. ஒரு துண்டு கேட்டு வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நல்ல ஃபிலிம் ரப்பர் போல நீண்டு, விட்டதும் மெல்லச் சுருங்கும். பிவிசி விறைப்பாக இருக்கும், இழுத்தால் வெளுத்து அப்படியே நிற்கும். அகலம் குறைந்த சிறு சுருள்களும் கிடைக்கின்றன, தொடங்குவதற்கு அவை போதும்.

மற்றவை: இரண்டு ஸ்ப்ரே பாட்டில், நீரை வழித்துத் தள்ளும் ரப்பர் முனையுள்ள ஒரு ஸ்குவீஜி, பஞ்சு உதிராத மைக்ரோபைபர் துணி நான்கைந்து, க்ளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய துகள்களை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி), ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், குழந்தைகளுக்கான ஷாம்பு, கூர்மையான கட்டர், தலைமுடி உலர்த்தும் டிரையர். ஹீட் கன் வேண்டாம். அதன் சூடு புதியவர் கையில் ஃபிலிமைச் சுருட்டிவிடும்.

குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும். அந்த உப்பு ஃபிலிமுக்கு அடியில் சிக்கினால் வெளியே எடுக்க வழியில்லை. ஆர்ஓ தண்ணீர் போதும்.

முதல் பாட்டில் வழுக்குவதற்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு. இரண்டாவது பிடிப்பதற்கு: நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஆல்கஹால். கை கழுவும் சானிடைசரை ஆல்கஹாலுக்குப் பதிலாக ஊற்றாதீர்கள், அதில் கிளிசரின் கலந்திருக்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 1: பழைய காயங்களை ஆற்றுங்கள்

ஏற்கெனவே கல் பட்ட புள்ளிகள் இருந்தால், காரின் பெயின்ட் நிறக் குறியீட்டை (கலர் கோட்) பார்த்து டச்-அப் பெயின்ட் வாங்கி, பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வையுங்கள். துரு இருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஃபிலிம் துருவை நிறுத்தாது, மூடி மட்டும் வைக்கும். தொட்டு வைத்த பெயின்ட் ஒன்றிரண்டு வாரம் காயட்டும். டிங்கரிங் செய்து முழுப் பகுதிக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் குறைந்தது 30 நாள் பொறுங்கள். ஈரம் போகாத பெயின்ட்டிலிருந்து கிளம்பும் ஆவி, ஃபிலிமைக் குமிழாகத் தூக்கிவிடும்.

படி 2: சுத்தம்

வேலையின் பாதி இதுதான். எவ்வளவு அழகாக ஒட்டினாலும் அடியில் ஒரு மணல் துகள் இருந்தால், அது பரு மாதிரி எழும்பி நிற்கும். கண் ஒவ்வொரு முறையும் அங்கேதான் போகும்.

ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். தார்ப் புள்ளிகளைத் தார் நீக்கியால் எடுத்துவிட்டு மறுபடி கழுவுங்கள். இப்போது கையில் மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பெயின்ட்டின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம், பைக்குள்ளிருந்து தொட்டால் ரவையைத் தூவினாற்போல நெருடும். அந்த நெருடல் போகும் வரை, வழுக்கும் நீரைத் தெளித்துத் தெளித்து க்ளே பாரைத் தேயுங்கள். உலர்ந்த பெயின்ட்டில் க்ளே பாரைத் தேய்த்தால் கீறல் விழும்.

விளிம்புகளை மறக்கக் கூடாது. துணியை விரலில் சுற்றி, பானெட்டின் ஓரத்தை அடிப்பக்கம் வரை துடையுங்கள். ஃபிலிமின் கீழே வந்து சேரும் அழுக்கில் பெரும்பகுதி அந்த இடுக்கிலிருந்து வழிவதுதான். கடைசியில் ஆல்கஹால் நீரால் ஒருமுறை துடைத்தால் மெழுகும் பாலிஷும் போய்விடும்.

படி 3: மேசையில் வைத்து வெட்டுங்கள்

மெல்லிய பாலித்தீன் தாளைக் காரின் மேல் விரித்து, டேப்பால் நிறுத்தி, ஒட்ட வேண்டிய வடிவத்தை மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். தகட்டின் விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் உள்ளே நிற்கட்டும். மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வரையுங்கள். கூர் மூலைதான் முதலில் கிளம்பும். பிறகு அந்தத் தாளை ஃபிலிமின் மேல்பக்கத்தில் வைத்து வெட்டுங்கள். பின்பக்கத் தாளில் வைத்து வெட்டினால் இடது வலதாகிவிடும்.

காரின் மேலேயே ஒட்டிவிட்டு ஓரத்தைக் கட்டரால் நறுக்கும் பழக்கம் சில கடைகளில் உண்டு. நான் வாங்கிய பழைய கார் ஒன்றில் முந்தைய ஃபிலிமை உரித்தபோது, பானெட்டின் குறுக்கே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு இருந்தது. பிளேடு கிளியர் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தது. பெயின்ட்டைக் காக்க ஒட்டிய ஃபிலிமே பெயின்ட்டை அறுத்திருக்கிறது. இன்றைக்கும் அந்தக் கோட்டைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை. பழகும் வரை காரின் பக்கத்தில் பிளேடைக் கொண்டுபோகவே வேண்டாம்.

படி 4: ஒட்டுதல்

விடிந்ததும் தொடங்குங்கள். தகடு கைக்குக் குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ இருக்க வேண்டும். வெயிலில் நின்ற காரில் பசை பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. நிழல், காற்றில்லாத இடம், மின்விசிறி நிறுத்தம், தரையில் தண்ணீர் தெளிப்பு. தூசி அடங்குவதற்கு இவ்வளவும் தேவை.

கூட ஒருவர் இருந்தால் நல்லது. முதலில் கைகளை வழுக்கும் நீரில் நனையுங்கள், இல்லையென்றால் விரல் ரேகை பசையில் பதிந்துவிடும். ஒருவர் பின்பக்கத் தாளை உரித்துக்கொண்டே வர, மற்றவர் பசைப் பக்கத்தில் நீரைத் தாராளமாகத் தெளிக்கட்டும். பசையும் பசையும் ஒட்டிக்கொண்டால் பதறி இழுக்காதீர்கள். அந்த இடத்தில் நீரை அடித்து, மெதுவாகப் பிரித்தால் வந்துவிடும்.

தகட்டையும் நன்றாக நனைத்துவிட்டு ஃபிலிமை அதன்மேல் மிதக்க விடுங்கள். விரலால் தள்ளினால் தோசைக்கல்லில் எண்ணெய் விட்ட தோசை போல நழுவ வேண்டும். நழுவவில்லையென்றால் ஓரத்தைத் தூக்கி இன்னும் நீர் தெளியுங்கள். நீர் அதிகமானால் கெடுதலில்லை, குறைந்தால்தான் கெடுதல்.

இடம் சரியானதும் ஃபிலிமின் மேற்புறத்தையும் நனைத்து, நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி ஸ்குவீஜியை ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில் இழுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். அடியிலிருக்கும் நீர் அலை போல முன்னே ஓடி ஓரத்தில் வழிவதைப் பார்க்கலாம். அந்த அலையைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டு போவதுதான் இந்த வேலை. இடையில் நிறுத்தினால் நின்ற இடத்தில் ஒரு கோடு விழும்.

ஓரத்தில் பிடிக்க மறுத்தால், அங்கே மட்டும் தூக்கி, ஆல்கஹால் நீரை அடித்து, அரை நிமிடம் விட்டு அழுத்துங்கள். வளைவில் சுருக்கம் வந்தால் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் ஃபிலிம் இளகும். ஆல்கஹால் முழுதும் காய்ந்த பிறகுதான் டிரையரை எடுக்க வேண்டும். பலமாக இழுத்து ஒட்டாதீர்கள். இழுவையின் வரிகள் பசையில் அப்படியே நின்றுவிடும், இழுத்த ஓரமும் சில நாளில் பின்வாங்கும்.

படி 5: குமிழ்கள்

வேலை முடிந்ததும் பார்த்தால் மங்கலாக, சில இடத்தில் பால் கலந்தது போல இருக்கும். பயப்பட வேண்டாம், அது நீர். விரலால் அழுத்தினால் உள்ளே நகரும். சில நாளில், சில சமயம் இரண்டு மூன்று வாரத்தில், தானே வற்றிவிடும். அழுத்தி விட்டதும் அதே இடத்தில் வெள்ளி போல மின்னிக்கொண்டு திரும்ப எழுந்தால் அது காற்று, தானாகப் போகாது. பசை இன்னும் முழுதாகப் பிடிக்காத அன்றைக்கே, பக்கத்து ஓரத்தைத் தூக்கி நீர் தெளித்து மறுபடி இழுங்கள்.

பின் துணியை ஸ்குவீஜியில் சுற்றி எல்லா ஓரங்களையும் அழுத்தித் துடைத்து உலர்த்துங்கள்.

ஒட்டிய பிறகு

அன்று முழுதும் கார் நிழலில் நிற்கட்டும். ஒரு வாரம் கழுவக் கூடாது. அதன்பின் கழுவும்போது பிரஷர் வாஷரின் முனையை ஓர் அடிக்குமேல் தள்ளிப் பிடியுங்கள், ஓரத்தைப் பார்த்து நேராக அடிக்காதீர்கள். பறவை எச்சத்தை அன்றன்றே நனைத்துத் துடையுங்கள். அது பெயின்ட்டைப் போலவே ஃபிலிமையும் கறையாக்கும். மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தானே மறையும் வகை ஃபிலிம்கள் உண்டு. அவற்றிலும் ஆழமாக வெட்டுப்பட்டால் ஆறாது. அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

ஃபிலிம் இருக்கிறதே என்று டிப்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் கல் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். பெரிய கல் ஃபிலிமையும் கிழிக்கும்.

முதல் முறை கழுவி முடித்ததும், உலர்ந்த விரலை எல்லா ஓரத்திலும் ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் மாட்டினால், அதற்குள் மண் நுழைவதற்கு முன்பு, அந்த இடத்தைத் துடைத்து, டிரையரில் லேசாகச் சூடாக்கி, துணியால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.