‘அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?’ என்று மேடையேறும் முன்

பங்குனி, சித்திரை வந்தால் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழா மேடைகளுக்குக் குறைவிருக்காது. பட்டிமன்றத் தலைப்புக்குப் பஞ்சம் வந்தால் கமிட்டிக்காரர்கள் கைவைப்பது ஒன்றில்தான்: இன்றைய திரைப்பாடல்கள் மனதை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா? ‘கெடுக்கின்றன’ அணியில் இடம் கிடைத்தவர் கொடுத்து வைத்தவர். பழைய பல்லவி ஒன்றை உருக்கமாகப் பாடிவிட்டு, புதுப்பாட்டின் ஒரு வரியை முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசித்தால் போதும், கைதட்டு நிச்சயம்.

நானும் அந்தக் கைதட்டில் குளிர் காய்ந்தவன்தான். கல்லுக்கட்டிப் பக்கம் பதினைந்து வருடம் கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். (சட்டப்படி அது சரியா என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டியதுதான்.) கடையை மூடிய பிறகு மேடை. இன்றைய பாட்டைக் குறை சொல்லவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சொல்ல நிறையவே இருக்கிறது. ஆனால் நாம் சொல்லும் குறை பெரும்பாலும் பாட்டின் மேல் விழாமல் வேறெங்கோ போய் விழுகிறது.

சலித்த அரிசியையும் சலிக்காத நெல்லையும் ஒப்பிடுவது

எல்லாரும் செய்யும் தவறு இது. மற்றவை பலவும் இதன் பிள்ளைகள்.

கடையில் ஆர்டர் நோட்டு ஒன்று வைத்திருப்பேன். வாடிக்கையாளர் பாட்டுப் பெயர்களை வரிசையாகச் சொல்வார், எழுதிக்கொள்வேன். அறுபது நிமிடக் கேசட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு பிடிக்கும். போன வருடம் பரணைச் சுத்தம் செய்யும்போது 1988-ஆம் வருடத்து நோட்டு கிடைத்தது. ஒரு பக்கத்தைப் புரட்டினேன். பன்னிரண்டு பாட்டு. நான்குக்கு மெட்டு உடனே வந்தது. இரண்டுக்கு முதல் வரி மட்டும். மீதி ஆறும் என் கையெழுத்திலேயே இருந்தன, ஆனால் அப்படி ஒரு படம் வந்ததே நினைவில்லை. அந்த ஆறையும் அன்று ஒருவர் காசு கொடுத்து, இரண்டு நாள் காத்திருந்து வாங்கிப் போயிருக்கிறார். அவருக்கு அவை பிடித்திருக்கத்தான் வேண்டும்.

அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் தேன் என்று நாம் சொல்லும்போது நம் கையில் இருப்பது அந்த நான்கு பாட்டுதான். மீதியைக் காலம் முறத்தில் போட்டுப் புடைத்துத் தள்ளிவிட்டது. இந்த வருடத்துப் பாட்டை மட்டும் உமி, தவிடு, கல்லோடு சேர்த்துத் தட்டில் வைத்துக்கொண்டு ‘அய்யய்யோ’ என்கிறோம். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் இன்றைய சிறந்த நான்கை எடுத்து அன்றைய சிறந்த நான்கோடு வையுங்கள். அப்போதும் பழையதே ஜெயிக்கலாம், ஆனால் அது நேர்மையான வெற்றி.

இதில் வயதும் விளையாடுகிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே மனதில் அழுத்தமாகப் பதிகின்றன என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். அந்த வயதில் கேட்ட பாட்டும் அப்படித்தான். 1992-இல் ரகுமான் வந்தபோது கடை கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, ‘இது கம்ப்யூட்டர் பாட்டு, ஆறு மாசம் தாங்காது’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னவன் நான். இன்று அதே பாட்டுகளைப் போட்டுவிட்டு என் மகன் தன் பிள்ளைகளிடம், ‘பாட்டுன்னா இது’ என்று பாடம் எடுக்கிறான்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு: எந்தப் புதுப்பாட்டையும் கண்ணதாசனைக் கொண்டு அடிப்பது. சிறுகூடல்பட்டிக்காரர், காரைக்குடியில் மணிமண்டபம் இருக்கிறது, உரிமை உண்டு. ஆனாலும் இருபத்திரண்டு வயதில் முதல் பாட்டு எழுதும் ஒருவனை அவரோடு நிறுத்துவது விமர்சனமே அல்ல. அதே சிறுகூடல்பட்டியிலிருந்து போன பஞ்சு அருணாசலம்தான் 1976-இல் அன்னக்கிளி படத்தில் இளையராஜாவை அறிமுகப்படுத்தினார். கண்ணதாசன் மாதிரி எழுது, விஸ்வநாதன் மாதிரி மெட்டுப் போடு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குழாயைத் திட்டாமல் பாட்டைத் திட்டுவது

புதுப்பாட்டு என்றால் ஒரே இரைச்சல் என்கிறோம். எங்கே கேட்டோம்? புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில், பக்கத்து வீட்டுக் காதுகுத்தில், பேருந்தில் கம்பிக்கு மேல் இருக்கும் பெட்டியில். குழாய் ஸ்பீக்கர் தூரத்துக்குக் குரல் போக வேண்டும் என்று செய்யப்பட்டது. அதில் அடித்தள ஒலி வராது, நடுவில் உள்ளது மட்டும் கூர்மையாகக் குத்தும். அதோடு ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் திருகிவிட்டால் எம். எஸ். சுப்புலட்சுமியே பாடினாலும் தகரம் கிழியும். ஒருமுறை நான் இருபது நிமிடம் இன்றைய பாட்டின் இரைச்சலைப் பற்றிப் பேசி இறங்கினேன். முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏந்தம்பி, பாட்டு கெடக்கட்டும். நீங்க பேசுனதே காதைக் கிழிச்சிருச்சு. அந்தக் குழாயக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பச் சொல்லக் கூடாதா?”

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி அலறினால் அதற்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. போலீஸில் சொல்ல வேண்டிய புகாரை இசையமைப்பாளர் தலையில் கட்டக் கூடாது.

ஆனால் ‘சத்தம்’ என்ற புகாரில் உண்மையான ஒரு பகுதியும் உண்டு. அதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். பதிவிலேயே மெதுவான இடத்தையும் பலமான இடத்தையும் அழுத்தி ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவரும் பழக்கம் உலகெங்கும் வளர்ந்தது. பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு பலமாக ஒலிக்க வேண்டும் என்ற போட்டி. வேடிக்கை என்னவென்றால், கடையில் நானும் அதைத்தான் செய்தேன். ‘அண்ணே, நல்லா ஏத்திப் பதிஞ்சு குடுங்க’ என்பார்கள், மீட்டர் முள் சிவப்பில் போய் முட்டி நிற்கும்வரை ஏற்றுவேன். இதைக் குறையாகச் சொல்லுங்கள், தப்பில்லை. வயலின் மெல்ல எழும்பி வரும் இடம் இந்தப் பாட்டில் இல்லை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே உயரம் என்று சொன்னால் கேட்கிறவருக்குப் புரியும். ‘வெறும் டமடம’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

காது கொடுக்காமல் ‘அர்த்தமில்லை’ என்பது

என் மானம் போன கதை இது. ஒரு பாட்டின் மூன்றாவது வரியில் வந்த ஒரு சொல்லை மேடையில் நாலு தரம் சொல்லிக் காட்டி, ‘இது தமிழா, தவளைச் சத்தமா?’ என்றேன். நல்ல சிரிப்பு. இறங்கியதும் மைக் செட் தம்பி ஒயரைச் சுருட்டிக்கொண்டே வந்தான். தொண்டிப் பக்கத்துப் பையன். “அண்ணே, அது எங்க ஊருல வலை இழுக்கும்போது போடுற சத்தம்ணே. எங்க ஐயா இன்னும் போடுவாரு.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

புரியாத சொல் வேறு, அர்த்தமில்லாத சொல் வேறு. அர்த்தமில்லாத சொல்லும் ஒன்றும் பாவமில்லை. ஏலேலோவுக்கு என்ன அகராதி? கச்சேரியில் தில்லானா முக்கால்வாசியும் ஜதிச் சொற்கள்தான், அதற்கு யாரும் பொழிப்புரை கேட்பதில்லை.

வரி மோசம் என்றால் வரியை எழுதியவரைப் பற்றிப் பேசுங்கள். பாடகியையோ ஆடியவரையோ இழுக்காதீர்கள். முழுப் பாட்டையும் எழுத்தில் படித்த பிறகு பேசுங்கள். பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று எழுதினால், சாதிப் பெருமையைத் தாளம் போட்டு விற்றால், அதைக் கண்டிக்க மேடை வேண்டும். ஆனால் அந்தக் கண்டனம் பழைய பாட்டுகளிலும் சிலவற்றுக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிரணி சொல்லிவிடும்.

காரணம் தெரியாமல் சாபம் விடுவது

‘இப்போதெல்லாம் பாட்டுக்கு முன்னிசையே இல்லை, எடுத்தவுடன் கத்துகிறார்கள்’ என்பது நியாயமான வருத்தம். ஆனால் அதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு ‘கேட்கப்பட்டது’ என்று கணக்கில் ஏறும். அதற்குள் விரல் தள்ளிவிடக் கூடாது. அப்படியானால் நாற்பது விநாடி வயலினை யார் முன்னால் வைப்பார்கள்?

பெட்டிக்கு ஏற்றபடி பாட்டு மாறுவது புதிதும் அல்ல. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் கிராமபோன் தட்டுகள் அடுக்கி வைத்திருப்பார்கள். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். மணிக்கணக்கில் ராகம் பாடியவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் தங்களைச் சுருக்கிக்கொண்டார்கள். ஏவி. மெய்யப்பச் செட்டியார் படமெடுக்க வருமுன் இந்தத் தட்டு வியாபாரத்தில்தான் இருந்தார்.

ஆட்டோட்யூன் விஷயமும் இப்படியே. சுருதி விலகும் குரலைச் சரிசெய்ய 1997-இல் வந்த மென்பொருள் அது. ‘அதில்லாவிட்டால் இவனால் பாடவே முடியாது’ என்று மேடையில் சொல்ல நம்மிடம் ஆதாரம் கிடையாது. குரலை வேண்டுமென்றே இயந்திரம் போல ஒலிக்க வைப்பதற்கும் அது பயன்படுகிறது. சொல்லக்கூடிய குறை வேறு: சுரத்தைக் கட்டம் போட்டு நேராக்கும்போது சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் நம் கமகத்தின் வளைவு மழுங்கிவிடும். எந்தச் சொல்லில், எந்த இழைப்பில் அப்படி ஆனது என்று காட்டுங்கள்.

இணையத்தில் சுற்றும் ‘ஆராய்ச்சியே சொல்லிவிட்டது’ என்ற வாதத்திலும் கவனம் தேவை. பாட்டுகள் வருடத்துக்கு வருடம் பலமாகி, ஒலிவண்ணத்தில் (ஒரு கருவியின் ஒலியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் தன்மையில்) வகை குறைந்துவிட்டது என்று 2012-இல் ஒரு ஆய்வு வந்தது உண்மைதான். அது அளந்தது 1955 முதல் 2010 வரையிலான மேற்கத்தியப் பாட்டுகளை. நம் ஊர்க் கானாவுக்கும் குத்துக்கும் அதை அப்படியே தூக்கி ஒட்டக் கூடாது.

அப்புறம் ‘காப்பி’. ஒரே ராகத்தில் அமைந்த இரண்டு பாட்டில் ஒரே பிடி, அதாவது அந்த ராகத்துக்கே உரிய சுரக்கோவை, வரத்தான் செய்யும். சந்தேகத்தைச் சந்தேகமாகவே சொல்லுங்கள்.

பாட்டிலிருந்து ஆளுக்குத் தாவுவது

2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, அதற்கு முன் இந்திய தண்டனைச் சட்டம் 499, அவதூறு பற்றியது. அதில் விமர்சகருக்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது: பொதுமேடையில் பாடுகிறவர் தம் பாட்டைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு விடுகிறார், அதைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம். சட்டம் தரும் உதாரணம் ஒரு புத்தகத்தைப் பற்றியது. ‘புத்தகம் ஆபாசம், எழுதியவர் மனம் சுத்தமில்லாதவராக இருக்க வேண்டும்’ என்றால் விலக்குக்குள் வரும். ‘அவர் ஒழுக்கம் கெட்டவர், அதனால் புத்தகம் ஆபாசமாக இருப்பதில் ஆச்சரியமில்லை’ என்றால் வராது. எங்கிருந்து தொடங்கி எங்கே போகிறோம் என்பதுதான் வித்தியாசம். கைதட்டுப் போதையில் இந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது.

‘தடை செய்யுங்கள்’ என்று முடிப்பது

பேச்சின் கடைசியில் இதைச் சொன்னால் எடுபடும். நாடே செய்து பார்த்ததுதான். 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் கெட்டது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் திருந்தினார்களா? குமிழைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கடைசியில் 1957-இல் விவித் பாரதி தொடங்க வேண்டியதாயிற்று.

எங்கள் கானாடுகாத்தான் பக்கத்து ஆள் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் வேறு வழியில் போனார். கச்சேரியில் தெலுங்குக் கீர்த்தனையே நிறைந்திருக்க, தமிழ்ப்பாட்டு கடைசியில் துக்கடாவாக, சிறு உருப்படியாக வருகிறதே என்பது அன்றைய குறை. தெலுங்குக் கீர்த்தனையைத் திட்டித் தீர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு, 1943-இல் தமிழ் இசைச் சங்கம். பாடத் தமிழ்ப்பாட்டும் பாட இடமும் உண்டாக்கினார்.

இந்த வருடமும் கமிட்டியிலிருந்து போன் வந்துவிட்டது. அதே தலைப்பு, அதே அணி. தொண்டித் தம்பியிடம் ஐந்து புதுப்பாட்டு அனுப்பச் சொன்னேன். ஒவ்வொன்றையும் இயர்போனில் இரண்டு தரம், பெட்டியில் ஒரு தரம் கேட்டு நோட்டில் குறித்து வருகிறேன். இரண்டு நன்றாகவே இருக்கின்றன. இரண்டில் என்ன குறை என்று வரி, நிமிடத்தோடு எழுதிவிட்டேன். ஐந்தாவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று நான்கு நாளாக யோசிக்கிறேன், அந்தப் பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.