அப்பாவுக்கு மூச்சு வாங்காமல் ஐந்து ஏரிகள்

அப்பா கும்பகோணத்தில் தினமும் காலையில் மகாமகக் குளத்தை நாலு சுற்று நடப்பவர். எழுபது வயதாகியும் மாடிப்படியில் கைப்பிடியைத் தொடமாட்டார். அந்தத் தைரியத்தில், 2019 ஜூலையில் அவரும் அம்மாவும் அமெரிக்காவின் டென்வரில் வந்திறங்கிய மறுநாளே காரில் ஏற்றி ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். எமரால்டு ஏரிக்குப் போக 1.8 மைல், வர 1.8 மைல், மொத்தம் 6 கிலோமீட்டருக்குள்தான் என்பது என் கணக்கு. முதல் அரை மைலிலேயே அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். “காலுக்கு ஒண்ணும் இல்லம்மா, காத்துதான் பத்தல” என்றார். அன்று ராத்திரி தலைவலி, இரண்டு முறை வாந்தி. நான் கற்றுக்கொண்ட பாடத்துக்கு ஃபீஸ் கட்டியது அவர்.

ஒரு பாதையைச் சுலபம் என்று சொல்லும்போது தூரத்தையும் ஏற்றத்தையும் பார்த்துத்தான் சொல்கிறார்கள். நேற்றுவரை கடல் மட்டத்தில் இருந்த நுரையீரலுக்கு அந்தக் கணக்கு போதாது. டென்வரே 5,280 அடி. பூங்காவின் கிழக்கு வாசலில் இருக்கும் எஸ்டஸ் பார்க் ஊர் 7,522 அடி, அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். எமரால்டு ஏரிப் பாதை தொடங்கும் பேர் லேக் 9,475 அடி. தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான். ஆக, தொட்டபெட்டாவுக்கும் 800 அடி மேலே காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்துதான் நடக்கவே ஆரம்பிக்கிறீர்கள்.

அதனால் ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு ஏரிகளை அழகு வரிசையில் காட்டாதீர்கள், உயர வரிசையில் காட்டுங்கள். 2023இல் இரண்டாவது முறை வந்தபோது அப்படித்தான் செய்தேன்.

வந்து முதல் மூன்று நாள் டென்வரிலேயே இருந்தோம். தூக்கம், தண்ணீர், சாயங்காலம் தெருக்கோடி வரை ஒரு நடை, அவ்வளவுதான். இதய நோய், ஆஸ்துமா, பிரஷர் இருப்பவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அப்புறம் எஸ்டஸ் பார்க்கில் இரண்டு ராத்திரி தங்கினோம். டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், போய்வந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு ராத்திரி அந்த உயரத்தில் தூங்கி எழுந்தால் மறுநாள் நடை எவ்வளவோ மேல்.

முதல் நாள் லில்லி ஏரி. 8,930 அடி. எஸ்டஸ் பார்க்கிலிருந்து 7ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே போனால் சாலையோரத்திலேயே இருக்கிறது. சுற்றிவர முக்கால் மைல் சொச்சம், தரை கிட்டத்தட்ட சமம். 14,259 அடி உயர லாங்ஸ் பீக் எதிரே நிற்கும். பேர் லேக் சாலைக்கான நேரப் பெர்மிட் இதற்குத் தேவைப்படவில்லை என்பது பெரிய நிம்மதி. அம்மா புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக முழுச் சுற்றும் வந்தார். மங்கி குல்லாவும் உண்டு. ஜூலையில் எதற்கு என்று நான் கேட்டதை, காற்று அடித்ததும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பெர்மிட் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் வாசலில் வந்து திரும்பிப் போவது இதனால்தான். நாங்கள் போன 2023இல் மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, நுழைவுக் கட்டணத்துக்கு மேல், நேரம் குறித்த முன்பதிவும் வேண்டியிருந்தது. அதில் இரண்டு வகை. பேர் லேக் சாலையும் சேர்ந்தது ஒன்று, அதற்குக் காலை 5 முதல் மாலை 6 வரை கட்டுப்பாடு. அந்தச் சாலை சேராதது இன்னொன்று, காலை 9 முதல் மதியம் 2 வரை. லில்லி தவிர மற்ற ஏரிகளுக்கு வேண்டியது முதல் வகை. ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முந்தின மாதம் முதல் தேதி காலை 8 மணிக்குத் திறந்தது. அதைத் தவறவிட்டவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம் கொஞ்சம் திறந்தார்கள். நான் அப்படிச் சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கியவள்தான், முடியும். ஆனால் விதியை வருடா வருடம் மாற்றுகிறார்கள், உங்கள் பயண வருடத்துக்கான பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு கிடைக்காவிட்டாலும் ஒரு வழி இருந்தது: மாலை 6 மணிக்கு மேல் போவது. ஜூலையில் சூரியன் மறைய எட்டேகால் எட்டரை ஆகிவிடும், மதிய இடிமழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், கூட்டமும் வடிந்திருக்கும். ஸ்ப்ரேக் ஏரியை அப்படித்தான் பார்த்தோம்.

இரண்டாவது நிறுத்தம் அந்த ஸ்ப்ரேக் ஏரி. ஏறத்தாழ தொட்டபெட்டா உயரம்தான். ஒரு மைலுக்கும் குறைந்த சுற்று, சக்கர நாற்காலியே போகும் அளவுக்குச் சீரான பாதை, உட்கார ஆங்காங்கே பெஞ்சு. இந்தப் பூங்காவில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்று யாராவது சொன்னால் நான் இங்கேதான் அனுப்புவேன். சும்மா சொல்லக்கூடாது, இது பனியாறு தோண்டிய ஏரியே இல்லை. ஆப்னர் ஸ்ப்ரேக் என்பவர் விடுதி நடத்திய காலத்தில், விருந்தாளிகள் மீன் பிடிக்கட்டும் என்று ஓடையை மறித்துக் கட்டியது. அவர் மனைவி ஆல்பர்ட்டாவின் பெயரில் பக்கத்தில் ஓர் அருவி இருக்கிறது. புருஷனுக்குக் கட்டின ஏரி, பெண்டாட்டிக்குத் தானாக விழும் அருவி என்று அம்மா ஒரு தீர்ப்பு சொன்னார். (அந்த அருவிக்கு கிளேசியர் கார்ஜ் வாசலிலிருந்து 0.8 மைல் ஏற்றம். நாங்கள் விட்டுவிட்டோம்.) மூஸ் மான் தண்ணீரில் இறங்கி மேய்வதை இங்கே அடிக்கடி பார்க்கலாம். நின்று ரசியுங்கள், ஆனால் 120 அடி தள்ளி. எல்க் மானுக்கு 75 அடி. சாதுவாகத்தான் தெரியும், நம்பாதீர்கள்.

மறுநாள் பேர் லேக். அதிகாலையே போங்கள். கார் நிறுத்துமிடம் ஏழு மணிக்கெல்லாம் நிரம்பியிருக்கும். நிரம்பிவிட்டால் கவலை வேண்டாம், கீழே பார்க் அண்ட் ரைடு நிறுத்தத்தில் விட்டுவிட்டு இலவச ஷட்டில் பஸ்ஸில் ஏறலாம். பேர் லேக் சுற்றுப்பாதையும் ஒரு மைலுக்குள்தான். ஆனால் லில்லி, ஸ்ப்ரேக் போல முழுக்கச் சமதளம் இல்லை, சில இடத்தில் ஏறி இறங்கும். வழியில் முப்பது எண் கட்டைகள் நட்டிருக்கிறார்கள். அப்பா ஒவ்வொன்றிலும் நின்றார். அதை அவசரப்படுத்தாதீர்கள், மூச்சு வாங்க அதைவிட கௌரவமான சாக்கு கிடையாது.

அதே இடத்திலிருந்துதான் மேலே போகும் பாதை கிளம்புகிறது. அரை மைலில் நிம்ஃப் ஏரி, 9,700 அடி. ஏற்றம் 225 அடி, திருச்சி உச்சிப்பிள்ளையார் அளவுகூட இல்லை. கோடையில் மஞ்சள் அல்லி இலைகள் நீர்ப்பரப்பை மூடியிருக்கும். 2019இல் அப்பா உட்கார்ந்த பாறை இதற்குச் சற்றுக் கீழே. இந்த முறை அதைத் தட்டிவிட்டு நடந்தார். 1.1 மைலில் ட்ரீம் ஏரி, 9,900 அடி. இந்த நடைக்கு என் கட்டளை ஒன்றுதான்: பேசிக்கொண்டே நடக்கவேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு விட்டால் உடனே நிற்கவேண்டும். தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகாதீர்கள், கீழே இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், நடை தள்ளாடினால், அது அவசர சிகிச்சைக்கான விஷயம்.

ட்ரீம் ஏரியில் அப்பா கேட்டார், இவ்வளவு உயரத்தில் குளம் எப்படி வந்தது என்று. பனியாறு இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும்போது பாறையை வழியெல்லாம் குடைந்தது, பனி உருகிப் போனதும் குடைந்த குழிகளில் தண்ணீர் நின்றது, அதனால்தான் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி ஏரிகள். கீழே பேர் லேக்கின் கதை மட்டும் வேறு, பனியாறு தள்ளிக்கொண்டு வந்து கொட்டிய கல்லும் மண்ணும் அங்கே கரை போட்டன. சொல்லி முடித்தபோது எதிரே ஹாலெட் சிகரத்துக்குப் பின்னால் மேகம் கறுத்திருந்தது. மணி பதினொன்று. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இங்கே மின்னல் வராத நாள் குறைவு. எமரால்டுக்கு இன்னும் 0.7 மைல். திரும்பினோம்.

பையில் என்ன வேண்டும்? ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, ஸ்வெட்டர், சன்ஸ்க்ரீன், இறங்கும்போது முழங்காலுக்கு ஒரு ஊன்றுகோல். ஜூன் வரை மேலே பனி கிடக்கும், அப்போது போனால் ஷூவில் மாட்டும் முள்பட்டை அவசியம். டீயைக் கீழேயே போட்டு ஃபிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பேர் லேக் உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஸ்டஸ் பார்க் அறையில் அம்மா சாதாரணப் பாத்திரத்தில் வைத்த சாதம் முக்கால் மணி நேரமாகியும் நறுக்கென்றே இருந்தது, அடுத்த முறை குக்கர் கொண்டுபோவோம். முறுக்குப் பாக்கெட் பலூன்போல உப்பியிருந்தால் பயப்படாதீர்கள். அந்த முறுக்கை அணிலுக்குப் போடாதீர்கள், இங்கே விலங்குகளுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். அம்மா ஒரு துண்டு போட்டார், ரேஞ்சர் வந்து பொறுமையாகச் சொன்னார், அம்மா அவருக்கும் ஒரு முறுக்கு நீட்டினார்.

எமரால்டு ஏரியை அப்பா இன்னும் பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். “போட்டோல காத்து நல்லா இருக்கு” என்று பதில் வந்தது.