பாஸ்டனுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறீர்களா? காரை ஊருக்கு வெளியிலேயே விடுங்கள்

லைசென்ஸ் கைக்கு வந்ததும் நம்மவர்கள் செய்கிற முதல் காரியம், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து, வாடகைக் கார் எடுத்து, சுற்றிக் காட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன். போன அக்டோபரில் நியூஜெர்சியிலிருந்து பாஸ்டன். 290 டாலர் தண்டம்.

முதலில் சுருக்கமாக வழியைச் சொல்லிவிடுகிறேன். காரில் வந்தால் ஊருக்கு வடமேற்கே ஏல்வைஃப் ஸ்டேஷனில் பெரிய பார்க்கிங் கட்டடம் இருக்கிறது. அங்கே விட்டுவிட்டு ரெட் லைன் ரயிலில் பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். 1897-ல் திறந்த ஸ்டேஷன். அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் அங்கேதான் ஓடியது. கிரெடிட் கார்டைத் தொட்டாலே கதவு திறக்கும். விமானத்தில் வருகிறவர்களுக்கு லோகனிலிருந்து ஊருக்குள் வர சில்வர் லைன் பஸ் இலவசம். பார்க் ஸ்ட்ரீட்டில் மேலே ஏறினால் 1634-லிருந்து இருக்கிற காமன் பூங்கா. அங்கிருந்து தரையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டின் மேலேயே நடந்தால் போதும். ஊரின் சரித்திர இடங்களை இணைக்கும் ஃப்ரீடம் டிரெய்ல் நடைபாதை அது. இரண்டரை மைல், பதினாறு இடங்கள்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். "அம்மாவால அவ்வளவு படி ஏறி இறங்க முடியாது, கிட்டக்கவே வண்டியை விட்டுடலாம்" என்று நினைத்ததுதான் கெடுத்தது. சவுத் எண்டில், செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கிற ஒரு தெருவில், அதிசயமாக இடம் கிடைத்தது. அந்தப் பகுதியில் பெரும்பாலான இடம் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். ஆனால் இந்தக் கம்பத்தில், வெளியாட்கள் இரண்டு மணி நேரம் நிறுத்தலாம் என்று எழுதியிருந்தது. அப்போது மணி 10:40. காமன் பூங்காவைப் பார்த்துவிட்டு 12:40-க்குள் வந்து வண்டியை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அதே கம்பத்தில் கீழே இன்னொரு பலகை இருந்தது. இரண்டாவது, நான்காவது வியாழக்கிழமை பகல் 12 முதல் 4 வரை தெரு சுத்தம் செய்யும் நேரம், வண்டி நின்றால் இழுத்துப் போவோம் என்று. பார்க்காமல் இல்லை, பார்த்தேன். லீவில் இருப்பவனுக்குக் கிழமை ஏது? அன்றைக்கு நான்காவது வியாழன்.

12:20-க்குத் திரும்பி வந்தால் தெருவில் ஒரு கார் கூட இல்லை. எங்கள் கார் நின்ற இடம் ஈரமாக, பிரஷ் சுழன்ற தடத்தோடு பளிச்சென்று இருந்தது. "என்னடா, வண்டியைக் காணோம்?" என்றாள் அம்மா. இரண்டு மணி நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது என்பதெல்லாம் செல்லாது. கம்பத்தில் எத்தனை பலகை இருந்தாலும் அத்தனையும் ஒரே நேரத்தில் உங்கள் வண்டிக்குப் பொருந்தும்.

பாண்டி பஜாரில் என்றால் மைக்கில் வண்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஓடிப்போய்க் கெஞ்சலாம், பக்கத்துக் கடைக்காரராவது குரல் கொடுப்பார். இங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை அந்தப் பகுதியில் இப்படித்தான் தெருவைச் சுத்தம் செய்கிறார்கள்.

இழுத்துப் போன வண்டியை மீட்கப் போன இடத்தில் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டார்கள். அது வண்டிக்குள்ளே, டாஷ்போர்டில். வண்டியைத் திறந்து எடுத்துத் தருகிறேன் என்றால், ஒப்பந்தம் இல்லாமல் வண்டிகிட்டயே போக முடியாது என்கிறார்கள். ஃபோனில் ஆறு சதவீத சார்ஜை வைத்துக்கொண்டு ஈமெயிலில் தேடி எடுத்தேன். அம்மாவின் பிரஷர் மாத்திரை, இரண்டு பேர் பாஸ்போர்ட், தயிர்சாத டப்பா எல்லாம் உள்ளேதான். வண்டி கிடைத்ததும் அந்த வாசலிலேயே காரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். மூன்று வாரம் கழித்து, அபராதத்தைக் கையாண்டதற்குக் கட்டணம் என்று வாடகைக் கம்பெனி தனியாக ஒரு தொகையை கார்டிலிருந்து எடுத்துக்கொண்டது. எனவே ஒப்பந்தமும் மாத்திரையும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டும்தான். 1797-ல் கடலில் இறக்கிய கான்ஸ்டிடியூஷன் போர்க்கப்பலைப் பார்க்கக் காசு இல்லை, ஆனால் பதினெட்டு வயது ஆனவர்களுக்கு அடையாள அட்டை வேண்டும். மறுநாள் ரயிலில் போனபோது அப்பா பெருமையாக ஆதார் அட்டையை நீட்டினார். காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாஸ்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

சிவப்புக் கோட்டிலிருந்து சற்று விலகி, பெம்பர்ட்டன் சதுக்கம் பக்கம் ஒரு பலகை இருக்கிறது. எலிஹு யேல் 1649-ல் பிறந்த இடம். 1687-லிருந்து ஐந்து வருடம் சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர். தனக்கென்று வியாபாரம் பார்த்த புகாரில் பதவி போனது. யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். 1773-ல் பாஸ்டன்காரர்கள் 342 பெட்டி தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அதுவும் அதே கம்பெனியின் சரக்கு. அப்பா கோட்டையில், தலைமைச் செயலகத்தில், 31 வருடம் வேலை பார்த்தவர். பலகை முன்னால் செருப்பைக் கழற்றாத குறை.

பங்கர் ஹில் போர் நினைவுத் தூணில் 294 படி, லிஃப்ட் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் மூச்சு வாங்க இறங்கி வந்தபோது, அப்பா பழைய செக்ஷன் நண்பருக்கு வாட்ஸாப்பில் கால் போட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்: "நம்ம கோட்டை கவர்னர்தான்யா, இந்த ஊர்க்காரராம்!"